குப்பம் எல்லை ராகி: பெயரை நம்பாமல் அளந்து பார்த்த பதிவு

நாட்டு ராகி என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். அது நாட்டு ராகிதானா என்பதை, வயலில் வளர்ந்து கதிர் தள்ளிய பிறகுதான் ஏட்டில் எழுதுவோம். இந்த நிபந்தனையோடுதான் நானும் என் சித்தப்பா மகனும், ஊர் ராகிகளைத் திரட்டி அளந்து புது ரகத்துக்குப் பெற்றோர் தேடும் வேலையைத் தொடங்கினோம். நான் பயிர்ப் பெருக்கம், அதாவது புது ரகம் உருவாக்கும் கலை, படித்தவன். அவன் படிக்காதவன், ஆனால் ராகி நாற்றைப் பார்த்தே தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) எப்படிக் கட்டும் என்று சொல்லிவிடுவான். நிலம் அவனுடையது.

இடம் குப்பம் வட்டாரம். ஆந்திரத்தின் தென்மேற்குக் கோடி. தெற்கே வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி; கிழக்கே மலையிறங்கினால் வாணியம்பாடி; வடக்கே கோலார் தங்கவயல். வீட்டில் தமிழ், மண்டல அலுவலகத்தில் தெலுங்கு, சந்தையில் மூன்றும். செம்மண், நடுநடுவே பாறை. தண்ணீர் இருக்கிறவர்கள் தக்காளிக்கும் மல்பெரிக்கும் போய்விட்டார்கள். மானாவாரி மேட்டில் மட்டும் ராகியும் அதன் ஊடே அவரையும் இன்னும் நிற்கின்றன.

இந்தப் பக்கம் இன்று ராகி என்றால் பெரும்பாலும் ஜி.பி.யு. 28 தான். பெங்களூரில் உருவாக்கப்பட்டு 1998-இல் வெளியான ரகம். பூஞ்சையால் இலையும் கழுத்தும் கதிரும் கருகும் குலை நோயைத் தாங்கும், மகசூலில் ஏமாற்றாது. அதன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. எங்கள் வீட்டுக் களியும் அதில்தான். ஆனால் மூன்று மாநிலங்கள் கூடும் ஒரு நிலப்பரப்பு முழுவதும் ஒரே ரகம் நின்றால், நோய்ப் பூஞ்சை ஒரே ஒரு பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால் போதும். அந்தப் பூட்டு திறக்கும் நாளுக்கு முன்பே மாற்று கையில் இருக்க வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது இதுதான்: மானாவாரியில் நான்கு மாதத்துக்குள் அறுவடைக்கு வர வேண்டும், கழுத்துக் குலை நோய் தாங்க வேண்டும், தாள் நீளமாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஆராய்ச்சி நிலையங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு மாடு வைத்திருப்பவருக்குத் தானியம் பாதி, தாள் பாதி. குட்டை ரகத்தை எவ்வளவு புகழ்ந்து கொடுத்தாலும் மறு வருடம் அவர் வயலில் அது இருக்காது.

இந்தக் குணங்களை ஒரே செடியில் சேர்க்க வேண்டுமானால் பெற்றோர் வேண்டும். பெற்றோர் இருவரும் ஒன்றைப்போல் ஒன்று இருந்தால் அவற்றைச் சேர்த்துப் பயனில்லை. பிள்ளைகளும் அப்படியேதான் வரும். ராகி தன் பூவுக்குள்ளேயே கருவுறும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். ஆகவே பல தலைமுறையாக ஒரே வயலில் இருந்த செடிகூட உள்ளுக்குள் ஒரே சீராகத்தான் இருக்கும். வேறுபாடு செடிக்குள் இல்லை, செடிக்கும் செடிக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியை அளப்பதுதான் வேலை.

விதை திரட்டியது

ஆந்திரப் பக்கத்தில் குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம் ஊர்களிலும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் வேப்பனப்பள்ளியை ஒட்டிய மேடுகளிலும் அலைந்தோம். வயலில் பயிர் நிற்கும்போது போனால் குறுக்காக நடந்து, ஐம்பது கதிருக்குக் குறையாமல், கண்ணில் பட்டதை எல்லாம் எடுக்க வேண்டும். இங்கே கை தானாக நல்ல கதிரைத் தேடிப் போகும். அதைக் கட்டுப்படுத்துவது எளிதல்ல. என் தம்பியை நல்ல கதிரை விட்டுவிட்டு நோஞ்சான் கதிரைப் பறிக்கச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் பெருக்குநருக்குத் தேவையான அலகு அழகான கதிர் அல்ல. அந்த வயலில் என்னென்ன இருக்கின்றன என்பது. குலை நோய் தாங்கும் மரபணு ஒருவேளை அந்த நோஞ்சானிடம் இருக்கலாம்.

வீட்டுச் சேமிப்பிலிருந்து வாங்கும்போது மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்து ஒன்றாகக் கலந்தோம். ஒவ்வொரு பைக்கும் ஒரு அட்டை: ஊர், நிலத்தின் உயரம், மண், விதைக்கும் மாதம், அவர்கள் சொல்லும் பெயர், எத்தனை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள், விதையை எடுத்து வைப்பது யார். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆண்கள் பதில் சொல்லத் தொடங்கினால் உள்ளேயிருந்து ஒரு குரல் திருத்தும்.

அப்படித் திருத்திய ஒரு பெரியம்மாவிடம் நான் கற்றது நிறைய. அறுவடைக்கு முன்பே வயலில் இறங்கி விதைக்கதிரைத் தனியாகக் கிள்ளிவிடுகிறார். வரப்போரக் கதிரைத் தொடுவதில்லை. கதிரின் காம்பை விரலால் அளப்பதுபோல் தடவிவிட்டுத்தான் கிள்ளுகிறார். ஏன் என்று கேட்டேன். "கழுத்து குட்டையாக இருப்பதை எடுக்கக் கூடாது தம்பி. இலையுறைக்குள்ளேயே கதிரின் அடி புதைந்து கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் அங்கேயே தங்கிக் கருத்துப்போகும்" என்றார். கதிருக்கு அடுத்துக் கீழே இருக்கும் கண்ணாடி இலையின் உறையைத் தாண்டிக் கதிர்க்காம்பு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதை ராகிக்கான பன்னாட்டு விவரிப்புக் கையேடு 1985-லேயே பதிவுக்குரிய குணமாகச் சேர்த்திருக்கிறது. நான் அதைப் படித்தபோது ஏன் அளக்கச் சொல்கிறார்கள் என்று யோசித்ததில்லை.

ஒப்புதல் இல்லாமல் ஒரு பிடி விதையும் எடுக்கவில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவுசெய்துகொள்ளலாம். யாரோ ஒருவர் வந்து வாங்கிப்போய் வேறு பெயரில் விற்றுவிடுவார்களோ என்ற ஐயம் ஊரில் இருக்கிறது, நியாயமான ஐயம். எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு படி அவர்கள் கையில்.

நட்ட விதம்

பல பத்து வகைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சமே விதை, நிலமும் ஏக்கர் கணக்கில் இல்லை. எல்லாவற்றையும் மூன்று முறை திரும்பத் திரும்ப நட வழியில்லை. இந்தச் சிக்கலுக்குப் புள்ளியியலாளர் வால்டர் ஃபெடரர் 1956-இல் வகுத்த முறை ஒன்று உண்டு. புதிய வகை ஒவ்வொன்றையும் ஒரே ஒரு வரிசை மட்டும் நட வேண்டும். நன்கு தெரிந்த சில ரகங்களை, இவற்றுக்கு ஒப்பு ரகம் என்று பெயர், எல்லாப் பாத்தியிலும் தவறாமல் நட வேண்டும். பாத்திக்குப் பாத்தி மண் எப்படி மாறுகிறது என்பதை ஒப்பு ரகங்கள் காட்டிக்கொடுக்கும்.

நாங்கள் நான்கு ஒப்பு ரகங்களை எடுத்தோம்: ஜி.பி.யு. 28, தமிழ்நாட்டின் பையூர் 2, கோ 15, ஆந்திரத்தின் வகுளா. பாத்திகள் ஐந்து. இந்த எண்ணிக்கை தோராயமாக வைத்ததல்ல. பாத்தி எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, ஒப்பு ரக எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்கினால் பன்னிரண்டாவது வர வேண்டும் என்பது கைவிதி. நான்கு பெருக்கல் மூன்று, பன்னிரண்டு. அதற்குக் கீழே போனால் பிழையின் அளவை நம்ப முடியாது.

கணக்கு எளிது. ஒரு பாத்தியில் நான்கு ஒப்பு ரகங்களின் சராசரி மகசூல் வரிசைக்கு 820 கிராம், ஐந்து பாத்திக்கும் சேர்த்து அவற்றின் சராசரி 760 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாத்தி 60 கிராம் கொழுத்த பாத்தி. அங்கே நின்ற ஒவ்வொரு புதிய வகையின் மகசூலிலும் 60 கிராமைக் கழித்துவிட வேண்டும். எங்கள் நிலத்தில் மாட்டுக்கொட்டகைப் பக்கப் பாத்தி அப்படித்தான் இருந்தது. கழிக்காமல் விட்டிருந்தால் அங்கே நின்றதெல்லாம் உயர்ந்த ரகமாகியிருக்கும்.

ஆடியில் நாற்றுவிட்டு, குத்துக்கு ஒரே நாற்றாக, மூன்று மீட்டர் வரிசையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று நட்டோம். வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர். ஊரில் யாரும் இப்படி நடுவதில்லை. இரண்டு மூன்று நாற்றைச் சேர்த்துக் குத்துவார்கள். ஆனால் தூர் எண்ண வேண்டுமானால் ஒற்றை நாற்றுதான் வழி.

எல்லா வகையையும் ஒரே நாளில் நட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. ராகி குறும்பகல் பயிர். பகல் நீளம் மாறினால் பூக்கும் நாளும் மாறும். தையில் விதைக்கும் வகையையும் ஆடியில் விதைக்கும் வகையையும் அவரவர் வயலில் பார்த்து ஒப்பிட்டால், பட்டத்தின் வேறுபாட்டை மரபின் வேறுபாடு என்று எழுதிவைப்போம்.

சுற்றிலும், பாத்திகளுக்கு இடையிலும், கர்நாடகத்தின் உடுரு மல்லிகே ரகத்தை ஒரு வரிசை விட்டோம். அது குலை நோய்க்கு எளிதில் ஆளாகும். நோயைப் பரப்புவதற்கே நடுவது. பக்கத்து நிலத்துக்காரர் இதைக் கேள்விப்பட்டு வந்து சத்தம் போட்டார். அவர் நிலத்தில் அந்த வருடம் ராகி இல்லை, நிலக்கடலை. குலை நோய் அதைத் தொடாது என்று விளக்கி அனுப்பினோம்.

விரலை அளப்பது

பூக்கத் தொடங்கியதும் வேலை முழங்கால் வலியாக மாறியது. வரிசையின் இரு முனைச் செடிகளை விட்டுவிட்டு நடுவில் ஐந்து செடிகளுக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினோம். அளவெல்லாம் அந்த ஐந்தின் தாய்த்தூரில்தான். வரிசையில் பாதிச் செடிகள் பூத்த நாள், செடி உயரம், கதிர் விட்ட தூர்கள், கண்ணாடி இலையின் நீள அகலம், கதிர்க்காம்பின் நீளம், விரல் (கதிரின் கிளை) எண்ணிக்கை, விரலின் நீள அகலம், ஆயிரம் மணியின் எடை, கதிர் எடை, தாள் எடை.

விரல் எண்ணுவது குழந்தை வேலை என்று நினைப்பவர்கள் ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். உச்சியில் ஐந்தாறு விரல்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, காம்பில் தனியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது கட்டைவிரல். சில வகைகளில் எல்லாச் செடியிலும் இருக்கும், சிலவற்றில் இராது, சிலவற்றில் ஒரு செடியில் இருந்து அடுத்த செடியில் இல்லாமல் போகும். அதைச் சேர்த்து எண்ணுவதா விடுவதா என்பதை முதல் நாளே முடிவுசெய்துகொள்ள வேண்டும். நாங்கள் எண்ணிக்கையில் சேர்க்காமல், உண்டு இல்லை என்று தனி வரியில் எழுதினோம்.

நீளம் அதைவிடத் தொல்லை. விரிந்த கதிரில் ஸ்கேலை வைத்தால் போதும். உள்நோக்கி வளைந்து மூடிய கை போல இருக்கும் கதிரில் ஸ்கேல் பொய் சொல்லும். தையல் நூலின் முனையை மிக நீண்ட விரலின் அடியில் கை நகத்தால் அழுத்திப் பிடித்து, விரலின் முதுகோடு நுனிவரை ஒட்டி, பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் அளந்தோம். பார்வைக்கு நாலு சென்டிமீட்டர் போலத் தெரிந்த கதிர் நூலில் ஏழைத் தாண்டியது. மூடிய கதிர் சிறிய கதிர் என்று வியாபாரி விலை குறைப்பதுண்டு. நூல் பிடித்துப் பார்க்காதவர்களின் விலை அது.

கதிரின் வடிவத்தையும் நிறத்தையும் அளவுகோலால் பிடிக்க முடியாது, வகை பிரிக்கத்தான் முடியும். விரிந்தது, நுனி வளைந்தது, உள்வளைந்தது, மூடியது, தொங்குவது. மணி வெள்ளை, வெளிர் பழுப்பு, செம்புப் பழுப்பு, கரும்பழுப்பு. இவற்றில் வேறுபாடு எவ்வளவு என்பதை ஒரே எண்ணாகச் சொல்ல ஷானன் குறியீட்டெண் பயன்படும். ஒரு குணத்தில் எல்லா வகையும் ஒரே பிரிவில் விழுந்தால் மதிப்பு சுழியம். நான்கு பிரிவிலும் சம அளவில் விழுந்தால் ஏறத்தாழ 1.39. எங்கள் திரட்டில் மணி நிறத்துக்கு மதிப்பு மிகக் குறைவு, கிட்டத்தட்ட எல்லாமே செம்புப் பழுப்பு. கதிர் வடிவத்துக்கு நல்ல மதிப்பு. வெள்ளை ராகி ஒரே ஒரு வீட்டில் கிடைத்தது. அதுவும் பண்டிகைப் பலகாரத்துக்கென்று கொல்லையில் ஒரு மூலையில் போட்டது.

மணி பால் பிடித்து இறுகும் சமயத்தில் யானை வந்தது. கௌண்டின்யா சரணாலயம் பக்கத்தில் இருக்கிறது. ராகி முற்றும் பருவம் யானைகளுக்கு நன்றாகத் தெரியும். அன்று வந்தவை தின்றது குறைவு, மிதித்தது அதிகம். இரண்டாம் பாத்தியில் சில வரிசைகள் மண்ணோடு போயின. ஃபெடரர் முறையின் பலவீனம் இதுதான்: ஒப்பு ரகம் போனால் மற்ற பாத்தியில் இருக்கிறது, புதிய வகை போனால் அந்த வருடத்துக்கு அது இல்லை. விதையில் பாதியைப் பானையில் வேப்பிலையோடு வைத்திருந்ததால் வகை அழியவில்லை. தகவல்தான் அழிந்தது.

கணக்குப் பார்த்தது

அளவுகள் கையில் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது எது அதிகம் விளைந்தது என்பதை. நான் முதலில் பார்ப்பது எந்தக் குணத்தை நம்பலாம் என்பதை. கண்ணுக்குத் தெரியும் மொத்த வேறுபாட்டில் மரபால் வந்த பங்கு எவ்வளவு என்பதுதான் பாரம்பரியத் திறன். மொத்த மாறுபாடு 50, அதில் ஒப்பு ரகங்களிலிருந்து கிடைக்கும் பிழை மாறுபாடு 10 என்றால், மீதி 40 மரபுக்கு. நாற்பதை ஐம்பதால் வகுத்தால் 80 சதவீதம். பூக்கும் நாள், ஆயிரம் மணி எடை, விரல் நீளம் ஆகியவை எங்களிடம் உயர்ந்தே நின்றன. தூர் எண்ணிக்கை சரிந்துகிடந்தது. தூர் என்பது பெரும்பாலும் மண்ணும் மழையும் சேர்ந்து போடும் கணக்கு. நிறையத் தூர் கட்டிய செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்பட்டால், அடுத்த வருடம் அதன் பிள்ளைகள் ஊரோடு ஒத்து நிற்கும்.

அடுத்தது வகைகளுக்கிடையே தொலைவு. புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் 1936-இல் தந்த டி-ஸ்கொயர் கணக்குதான் இன்றும் இந்தியப் பெருக்குநர்களின் கைக்கருவி. அதன் நயம், ஒன்றோடொன்று கைகோத்து நகரும் குணங்களை இரண்டு முறை எண்ணாமல் இருப்பது. உயரமான செடிக்குக் கதிர்க்காம்பும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனி வேறுபாடாகக் கூட்டினால் தொலைவு பொய்யாகப் பெருகும். கணக்கைக் கையால் போட வேண்டியதில்லை. ஆர் என்ற இலவச மென்பொருளில், ஃபெடரர் முறைக்கும் இதற்கும் ஆயத்தத் தொகுப்புகள் உண்டு. பழைய மடிக்கணினியே போதும்.

குழுக்கள் பிரிந்த விதம் ஊர்ப்படி இல்லை, மாநிலப்படியும் இல்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்து வகைகளும் ராமகுப்பத்து வகைகளும் ஒரே குழுவில் கலந்து நின்றன. இதில் வியப்பில்லை. கோடு வரைபடத்தில் போட்டது. பெண் கொடுத்து எடுப்பது கோட்டுக்கு இருபுறமும் நடக்கிறது, சீரோடு விதையும் போகிறது. பிரித்தது பூக்கும் நாளும் கதிர் வடிவமும்தான்.

இலையிலிருந்து டி.என்.ஏ.

வயலில் தெரிவதெல்லாம் மரபும் சூழலும் கலந்தது. சூழலை விலக்கிப் பார்க்க வேண்டுமானால் டி.என்.ஏ.வுக்குப் போக வேண்டும். தெரிந்த ஒருவர் வழியாக ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாலை நேரத்தில் இடம் கிடைத்தது.

மூன்று வார நாற்றின் இளம் இலை. திரவ நைட்ரஜனில் உறையவைத்து உரலில் அரைத்தால் பச்சை மாவாகும். அது உருகுவதற்குள், செல்லை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே விடும் சூடான சி.டி.ஏ.பி. கரைசலில் போட வேண்டும். 65 டிகிரியில் ஊறவைத்து, 24-க்கு 1 என்ற விகிதத்தில் குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் கலந்து ஆட்டிச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலடுக்கு மட்டும் நமக்கு. பேராசைப்பட்டு நடு அடுக்கைத் தொட்டால் புரதமும் கூடவே வரும். குளிர்ந்த ஐசோபுரொப்பனால் சேர்த்ததும் வெள்ளை நூலிழை சுருண்டு எழும். அது 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் 1.8 அருகில் இருந்தால் டி.என்.ஏ. தூய்மையானது, மேலே போகலாம்.

குறியீட்டுக்கு, அதாவது வகைகளைப் பிரித்துக் காட்டும் டி.என்.ஏ. அடையாளத்துக்கு, ஒரே சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும் குறுந்தொடர் மீள்வுகளை (எஸ்.எஸ்.ஆர்.) எடுத்தோம். ராகிக்கென்று 2007-இல் வெளியான யு.ஜி.இ.பி. என்ற குறியீட்டு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு குறியீடும் எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: ஒவ்வொரு வடிவமும் எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்து, அதன் வர்க்கங்களைக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டு வடிவம் பாதிப் பாதி என்றால் 0.5. ஒன்று 95 சதவீதம், மற்றது 5 சதவீதம் என்றால் 0.095. இரண்டாவது மாதிரிக் குறியீட்டுக்குப் பணம் செலவழிப்பது வீண். எங்கள் திரட்டில் வீணானவை கணிசம். இந்திய ராகிகளுக்குள் வேறுபாடு குறைவு என்பது புதுச் செய்தியல்ல. ராகியின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம், பரந்த வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. கர்நாடகத்தின் ராகிப் பெருக்குநர் இலட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் சேர்த்து இண்டாஃப் வரிசையைக் கொண்டுவந்தது இதனால்தான். ஜி.பி.யு. 28-இன் பெற்றோரிலும் இண்டாஃப் 5, இண்டாஃப் 9 இரண்டும் உண்டு.

டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் ஜெல்லில் ஓடவிட்டால் நீளத்துக்கேற்பப் பட்டைகளாக நிற்கும். அந்தப் பட்டைகளைப் படிப்பதுதான் ராகியில் உண்மையான சோதனை. இதன் குரோமோசோம்கள் 36. இரண்டு மூதாதைகளின் தொகுதிகள் ஒரே செடியில் குடியிருக்கின்றன. ஆகவே ஒரு குறியீட்டுக்கு இரண்டு பட்டை தெரிந்தால் மூன்று விளக்கம் சாத்தியம். இரு தொகுதியிலிருந்தும் ஒவ்வொரு பட்டை வந்திருக்கலாம். செடியே கலப்பாக இருக்கலாம். தன்மகரந்தப் பயிரில் இது அரிது. அல்லது நாம் பல செடிகளின் இலையைச் சேர்த்து அரைத்திருந்தால், அவற்றில் இரண்டு வகைச் செடிகள் இருக்கலாம். எல்லோரும் செலவு குறைக்கப் பல செடி இலையைச் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். அப்படிச் செய்தால் முதல் விளக்கத்தையும் மூன்றாவதையும் பிரிக்கவே முடியாது. நாங்கள் வகைக்கு ஒரு செடியாக எடுத்து, ஐயமான சில வகைகளில் மட்டும் எட்டுச் செடிகளைத் தனித்தனியாக அரைத்தோம். எட்டிலும் அதே இரட்டைப் பட்டை என்றால் அது தொகுதிகளின் வேலை. சிலவற்றில் மேல் பட்டை மட்டும், சிலவற்றில் கீழ்ப் பட்டை மட்டும் என்றால் அது விதைப் பானைக்குள்ளேயே இருக்கும் கலவை.

பட்டை உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழியம் என்று எழுதி, ஜக்கார்டு ஒப்புமை பார்த்தோம். அது இரண்டிலும் இருப்பதை மட்டும் ஒப்புமையாக எண்ணும். இரண்டிலும் இல்லாததை எண்ணாது. ஜெல்லில் பட்டை இல்லாமல் போவதற்கு மரபு மட்டும் காரணமல்ல. அன்றைக்கு மின்சாரம் போய் வந்ததும் காரணமாகலாம்.

வந்து சேர்ந்தவை

'தாத்தா காலத்து ராகி' என்று வாங்கியவற்றில் சில, பார்த்த குறியீடுகள் அனைத்திலும் ஜி.பி.யு. 28 உடன் பட்டைக்குப் பட்டை ஒத்துப்போயின. வயலிலும் அதே நாளில் பூத்தன. கொடுத்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பஞ்ச வருடத்தில் விதை தீர்ந்து, பக்கத்து வீட்டில் ஒரு படி வாங்கிப் பழைய பானையில் போட்டால், பானையின் வயதே விதையின் வயதாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், மூன்று ஊரில் மூன்று பெயரோடு வாங்கிய ஒரு மூடிய கதிர் வகை குறியீட்டில் ஒன்றாகவே நின்றது. பெயர்ப் பட்டியலை எண்ணி இத்தனை நாட்டு ரகம் காப்பாற்றினோம் என்று பலகை வைப்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்திருக்கிறது.

எதிர்பாராத இடத்தில் இருந்த செல்வம் பெரியம்மாவின் பானை. அவர் கொடுத்தது ஒரே பெயர், வயலில் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. எட்டுச் செடிகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட மரபுவழிகள் தெரிந்தன. நீண்ட கழுத்து என்ற ஒரே குணத்தைப் பிடித்து வருடா வருடம் பல கதிர்களைக் கிள்ளியதால், அந்த ஒன்றில் சீரும் மற்றதில் கலவையும் தங்கியிருக்கின்றன. ஒரே சிறந்த கதிரை எடுத்திருந்தால் எல்லாம் ஒன்றாகிப் போயிருக்கும். அவருடைய வரிசையில் கழுத்துக் குலை நோயும் குறைவு. காரணம் கழுத்தின் நீளமா, உண்மையான எதிர்ப்பா என்று பிரிக்க, அதன் மரபுவழிகளைத் தனித்தனி வரிசையாக அடுத்த பட்டத்தில் நட்டோம். நீண்ட கழுத்திருந்தும் நோய் வாங்கிய வழியும் இருந்தது. ஆகவே கழுத்து மட்டும் காரணமல்ல.

பெற்றோர் தேர்வில், வகைகளின் தொலைவைக் கிளைகளாக வரையும் கிளைப்படத்தின் இரு முனைகளிலும் இருப்பவற்றைச் சேர்த்துவிடச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மிகத் தொலைவில் இருப்பது பெரும்பாலும் எதற்கும் உதவாத ஏதோ ஒரு விசித்திரத்தால்தான் தொலைவில் இருக்கிறது. தொலைவு நடுத்தரமாக இருக்கட்டும். நமக்கு வேண்டிய குணங்களில் ஒன்றுக்கொன்று குறை நிரப்பட்டும். பெரியம்மா வகையின் நோய் தாங்கிய ஒரு வழியைத் தாயாகவும், குறுகிய காலத்தில் வரும் உயரமான ஒரு வேப்பனப்பள்ளி வகையைத் தந்தையாகவும் எடுத்தோம். தந்தையின் கணுக்கள் ஊதா, தாய் முழுப் பச்சை. இதைக் கணக்குப் பார்த்துத்தான் இப்படி வைத்தோம். ராகியில் ஊதா ஓங்கு குணம். பச்சைத் தாயின் விதையில் முளைத்த நாற்று ஊதாவாக வந்தால் அது கலப்பு. பச்சையாகவே வந்தால் தாய் தன்னைத் தானே கருவுறச் செய்துகொண்டது.

ராகிப் பூ அரிசி நொய்யைவிடப் பெரிதல்ல. இடுக்கியால் மகரந்தப்பையை நீக்குவது பொறுமையின் எல்லை. பூப்பதும் விடியலுக்கு முன்னால். நாங்கள் தொடுமுறையைத்தான் நம்பினோம்: இரண்டு வகையும் ஒரே சமயம் பூக்குமாறு முன்பின் நட்டு, இரு கதிர்களின் விரல்களையும் ஒன்றோடொன்று பின்னி, ஒரே காகிதப் பையில் கட்டிவிடுவது. வெந்நீரில் கதிரை முக்கி மகரந்தத்தை மட்டும் கொல்லும் முறையும் உண்டு. டிகிரி ஒன்றிரண்டு தவறினால் கதிரே வெந்துவிடும் என்பதால் வீட்டு அடுப்பை நம்பி அதில் இறங்கவில்லை.

தொடுமுறையில் கிடைத்த விதையில் பெரும்பகுதி பச்சைதான். நாற்றுத் தட்டில் பச்சைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா அடி தெரிந்த நாற்றுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். அவற்றின் இலையையும் அரைத்துப் பார்த்ததில் தாய்ப்பட்டை, தந்தைப்பட்டை இரண்டும் இருந்தன. அந்தச் செடிகளின் கதிர்கள் இப்போது பானையில். வரும் ஆடியில் இரண்டாம் தலைமுறை நாற்று விட வேண்டும். வெள்ளை ராகி அடுத்த சுற்றுக்குத்தான். இந்த முறை பாதியைக் குப்பத்து மேட்டிலும் பாதியை வேப்பனப்பள்ளியில் மாமா நிலத்திலும் நடுவதாக முடிவு. யானை இரண்டு இடத்துக்கும் ஒரே வாரத்தில் வராது என்பது என் தம்பியின் கணிப்பு. மாமாவுக்கு அதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.